மூன்று சென்டிமீட்டருக்கு எத்தனை நெல்

ஈரப்பதமானி 19 காட்டினால் அந்த நெல்லை எடை போட முடியாது. 17-க்கு இறங்கும்வரை களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காய வைக்க வேண்டும். வெயில் ஒத்துழைத்தால் ஒரு பகல் போதும். மேகம் திரண்டால் இரண்டு நாளும் ஆகும். எங்கள் கொள்முதல் நிலையத்தில் எல்லாப் பேச்சும் நடப்பது அந்தக் காத்திருப்பில்தான்.

2023 செப்டம்பரில் மன்னார்குடிப் பக்கம் ஒரு சிற்றூரின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நான் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருந்தேன். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தும், வாய்க்காலில் தண்ணீர் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. முந்தி நட்டவர்கள் தப்பித்தார்கள். பிந்தி நட்டவர்களின் குறுவை கதிர் பிடிக்கும் நேரத்தில் வாடியது. சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,310 ரூபாய், பொது ரகம் 2,265 ரூபாய். விலையைவிட விளைச்சல் பற்றிய கவலையே எல்லார் முகத்திலும் இருந்தது. ஆனாலும் செப்டம்பர் நடுவில், தூற்றும் இயந்திரத்தின் நிழலில் உட்கார்ந்தவர்கள் பேசியது சீனாவின் ஹாங்சோவில் தொடங்கவிருந்த ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பற்றி.

சுமை தூக்குகிறவர்கள் எட்டுப் பேர், அவர்களுக்கு ஒரு மேஸ்திரி, ஓர் உதவியாளர், ஒரு காவலர், நான். இவர்களோடு, அப்பாவின் நெல்லுக்குக் காவலாக டிராக்டரில் வந்து மூன்று நாளாகக் காத்திருந்த ஒரு கல்லூரிப் பையன். விவாதத்தைத் தொடங்கியது அவன்தான்.

"இந்த முறை நூறு பதக்கம் உறுதி அண்ணே. நூறைத் தாண்டுவோம் என்று முழக்கமே வைத்திருக்கிறார்கள். அறுநூறு பேருக்கு மேல் போகிறார்கள்."

உதவியாளர் கணக்கில் கெட்டிக்காரர். "2010-இல் 65. 2014-இல் 57. 2018-இல் 70. இந்தப் போக்கில் 75 வரலாம். மிஞ்சினால் 80. ஒரே தாவலில் முப்பது கூடுமா, தம்பி?"

காவலர் இரண்டு பேரையும் ஏற்கவில்லை. இளமையில் சுற்றுவட்டாரத்துத் திருவிழாக் கபடி ஆட்டங்களில் பாடிப் போனவர் அவர். இன்றைக்கும் நடையில் ஒரு முழங்கால் இழுத்துக்கொள்ளும். "உறுதி என்கிற சொல்லை என்னிடம் சொல்லாதே" என்றார். 2018 ஜகார்த்தாவை அவர் மறக்கவே இல்லை. 1990 முதல் 2014 வரை ஏழு முறை தொடர்ந்து ஆண்கள் கபடியில் தங்கம் நம்முடையது. வேறு எதில் தோற்றாலும் கபடியில் தோற்க மாட்டோம் என்று நம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அரையிறுதியில் ஈரான் வென்றது. மறுநாள் இறுதிப் போட்டியில் பெண்கள் அணியும் அதே ஈரானிடம் தோற்றது. "அன்று இரவு எங்கள் தெருவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை" என்று அவர் சொன்னபோது பையன்கூடச் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

நானும் எண் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. காரணம் அந்த ஆண்டு ஜனவரியில் நடந்தது.

வாரக் கடைசியில், அடுத்த வாரம் எத்தனை மூட்டை வரும் என்று ஓர் உத்தேசக் கணக்கை நான் எழுதி அனுப்ப வேண்டும். சாக்கும் சணலும் லாரியும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வந்து சேரும். சம்பா அறுவடை மும்முரமாகும் நேரம். நான் முந்தைய ஆண்டுப் பதிவேட்டைத் திறந்து, அதே வாரத்து எண்ணை எடுத்து, பத்துக்கு ஒன்று கூட்டி எழுதிவிட்டேன். வயல் பக்கம் போகவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. பதிவேட்டில் இருந்த எண் எனக்கு அவ்வளவு திடமாகத் தெரிந்தது.

நெல் அதற்கு மேல் வந்தது. நான்காம் நாள் சாக்கு தீர்ந்தது. களத்திலும் சாலை ஓரத்திலும் நெல் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் டெல்டா முழுவதும் பருவம் தப்பிய மழை பெய்தது. தார்ப்பாய் போட்டோம். அடியில் ஓடிய தண்ணீரைத் தார்ப்பாய் என்ன செய்யும்? நான்கு நாள் கழித்துத் திறந்தபோது கைப்பிடி நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை. பிறகு ஈரப்பத வரம்பை மத்திய அரசு 20 சதவீதம் வரை தளர்த்தியது. ஈரமாக இருந்த நெல்லுக்கு அது கைகொடுத்தது. முளைத்த நெல்லுக்கு எந்தத் தளர்வு உதவும்? ஒரு அம்மாள் முளைத்ததையும் முளைக்காததையும் முறத்தில் போட்டுப் பிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு சொல் திட்டவில்லை. நான் எழுதிய எண்தான் அந்த நெல்லை அங்கே கிடக்க வைத்தது என்று அவருக்குத் தெரியாது.

அதனால்தான் நூறு, எழுபத்தைந்து என்று எண்கள் பறந்தபோது என் கை பேனாவைத் தேடவில்லை.

மேஸ்திரி அதுவரை பேசாமல் இருந்தார். அறுபதை நெருங்கியவர். ஒரு மணியை முன்பல்லில் கடித்து, உடைகிற ஓசையிலேயே ஈரம் சொல்லிவிடுவார். கருவி பெரும்பாலும் அவர் சொன்னதையே காட்டும். "மொத்தத்தை விடுங்கள்" என்றார். "யார் யார் கொண்டுவருவார்கள் என்று பெயர் சொல்லுங்கள். பெயர் சொல்ல முடியாத பதக்கத்தை எண்ணில் சேர்க்காதீர்கள்."

எனக்குச் சுருக்கென்றது. ஜனவரியில் என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். ஈட்டி எறிதலில் நீரஜ் சோப்ரா. அதில் யாருக்கும் மறுப்பில்லை. செஸ்ஸில் அணிப் பதக்கம். ஆகஸ்டு மாதம்தான் உலகக் கோப்பை இறுதி வரை போய் கார்ல்சனிடம் தோற்றிருந்தார் பிரக்ஞானந்தா. ஸ்குவாஷில் தீபிகா பள்ளிக்கல், சவுரவ் கோசல். ஆண்கள் 4x400 தொடர் ஓட்டத்துக்கு எட்டுப் பேரும் ஒரே குரலில் தங்கம் என்றார்கள். மூன்று வாரம் முன்பு புடாபெஸ்ட் உலகத் தடகளத்தின் தகுதிச் சுற்றில் 2 நிமிடம் 59.05 விநாடியில் ஓடி, ஆசியச் சாதனையோடு அமெரிக்காவை விரட்டிச் சென்று இரண்டாவதாக வந்த அணி அது. கடைசிச் சுற்று ஓடிய ராஜேஷ் ரமேஷ், திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். "அவர் வருகிற பெட்டியில் டிக்கெட் இல்லாமல் ஏறி யார் ஓடித் தப்ப முடியும்?" என்றார் ஒருவர். களம் முழுக்கச் சிரிப்பு.

சண்டை வந்தது மும்முறைத் தாண்டுதலில். பிரவீன் சித்திரவேல் எங்கள் மாவட்டத்துப் பிள்ளை, மன்னார்குடி வட்டாரம். அந்த மே மாதம் கியூபாவின் ஹவானாவில் 17.37 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்திருந்தார். "தங்கம் என்று எழுதுங்கள் சார், யோசிக்காதீர்கள்" என்றார்கள். எனக்கும் அப்படியே எழுத ஆசை. நம் மண், நம் ஊர்ப் பக்கத்தில் தொடங்கிய கால்கள் என்று நினைக்கும்போதே நெஞ்சு நிமிர்கிறது.

உதவியாளர் மட்டும் இணங்கவில்லை. "ஆகஸ்டில் புடாபெஸ்ட்டில் இறுதிச் சுற்றுக்குள் வரவில்லையே. போன ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த்தில் என்ன ஆயிற்று? வெண்கலம் வாங்கியவர் 16.92. நம்மவர் 16.89. நான்காம் இடம். மூன்று சென்டிமீட்டர்."

மூன்று சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். மேஸ்திரி என் அளவுகோலை வாங்கி, களத்திலிருந்து நெல்லை எடுத்து, தலையும் வாலுமாக அதன் மேல் அடுக்கினார். நான்காவது நெல் மூன்றைத் தாண்டிக்கொண்டு நின்றது. முழுசாக நான்கு நெல்கூட இல்லை. எல்லாரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடி வந்து, ஒற்றைக் காலில் ஊன்றி, மறுபடி ஊன்றி, பதினாறு மீட்டருக்கு மேல் காற்றில் போய் விழுகிற ஒரு மனிதனுக்கும் பதக்க மேடைக்கும் நடுவில் இவ்வளவுதான் இடைவெளி.

"பதக்கம் என்று எழுதுங்கள். நிறம் எழுதாதீர்கள்" என்றார் மேஸ்திரி. அப்படியே எழுதினேன்.

பொழுது சாயும்போது பெயர்களைக் கூட்டினோம். 84 வந்தது. பையன் முகம் வாடிவிட்டது. உதவியாளருக்கு 84-ஏ அதிகமாகப்பட்டது. தாளைத் தராசுப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

போட்டி தொடங்கியதும் நடந்தது ஊரறிந்த கதை. செப்டம்பர் 24, முதல் பதக்க நாளிலேயே ஐந்து. அவற்றில் மூன்று துடுப்புப் படகில். எங்கள் தாளில் துடுப்புப் படகு என்று ஒரு வரிகூட இல்லை. ஆற்றையும் வாய்க்காலையும் பார்த்தே வளர்ந்த பதின்மூன்று பேர் கூடி எழுதிய பட்டியல் அது. துப்பாக்கி சுடுதலுக்கு ஒன்பது எழுதியிருந்தோம், 22 வந்தது. அக்டோபர் 2 காலையில் ரோலர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் இரண்டு வெண்கலம். அந்த அணிகளில் இருந்த ஆரதி கஸ்தூரி ராஜும் ஆனந்த்குமார் வேல்குமாரும் தமிழ்நாட்டுக்காரர்கள். எங்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர்கள் தெரிந்திருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அக்டோபர் 3 அன்று மும்முறைத் தாண்டுதல். வேலை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஒரே கைபேசி, அதைச் சுற்றிப் பத்துத் தலை. சீனாவின் ஜு யாமிங் 17.13, ஃபாங் யாவ்சிங் 16.93. பிரவீன் 16.68, வெண்கலம். நான்காவதாக வந்தவர் நம் கேரளத்து அப்துல்லா அபூபக்கர், 16.62. தங்கம் என்று அடித்துச் சொன்னவர்கள்தான் முதலில் கூச்சல் போட்டார்கள். மேஸ்திரி அளவுகோலைக் கேட்கவில்லை. தரையிலிருந்து நெல்லைப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் வரிசையாக வைத்தார், ஏழோ எட்டோ. "இந்த முறை இந்தப் பக்கம் விழுந்திருக்கிறது" என்றார். பிறகு, "அந்தக் கேரளத்துப் பிள்ளையின் வீட்டில் இப்போது எப்படி இருக்கும்?" என்றும் கேட்டார்.

மறுநாள் ராஜேஷ் ரமேஷின் அணி தங்கம் வென்றது. அக்டோபர் 7 அன்று பெண்கள் கபடியில் சீனத் தைபேயை 26-25 என்று ஒரே புள்ளியில் வென்றதுதான் நூறாவது பதக்கம். காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடிவில் 107. பையன் அன்று தொலைபேசியில் அழைத்துப் பேசிய சத்தம் களத்தின் மறுமுனை வரை கேட்டது.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 10 அன்று, மேட்டூர் அணை மூடப்பட்டது. பேச்சு சட்டென்று சம்பாவுக்குத் திரும்பிவிட்டது.

அந்த இரவுகளில் நாட்காட்டித் தாளைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். மேஸ்திரியின் முறை எண்ணை மட்டும் நம்புவதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் இருபத்து மூன்று குறைந்தது. பெயர் தெரிந்தவர்களுக்கு நாங்கள் தாராளமாக அள்ளிக் கொடுத்திருந்தோம். பெயர் தெரியாதவர்களுக்குச் சுழியம் போட்டிருந்தோம். ஜனவரியில் சாலையோரம் குவிந்த அந்தக் கூடுதல் நெல் யாருடையது என்று அப்போதுதான் யோசித்தேன். பதிவேட்டில் இருப்பது சிட்டா, அடங்கல் என்னும் நில ஆவணங்களில் பெயர் உள்ளவர்கள். டெல்டாவில் உழுகிறவர் எல்லாருக்கும் அடங்கலில் பெயர் இருக்கிறதா? கோயில் நிலம், மடத்து நிலம், சென்னைக்குக் குடிபோனவர்களின் நிலம் என்று வாய்வார்த்தைக் குத்தகையில் எத்தனை மா! (மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர்.) அந்த நெல் நில உரிமையாளரின் பெயரில்தான் என் முன் எடைக்கு வரும். விளைவித்தவரின் பெயரை நான் எழுதியதே இல்லை.

டிசம்பர் கடைசியில் அடுத்த சம்பாவுக்கான உத்தேசக் கணக்கை எழுத உட்கார்ந்தேன். இம்முறை சைக்கிளில் மூன்று நாள் சுற்றி, வாய்க்கால் வாய்க்காலாக, யார் எத்தனை மா நட்டிருக்கிறார், தண்ணீர் எட்டியதா, எந்த வாரம் அறுப்பார் என்று கேட்டு எழுதியிருந்தேன். உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் உழுகிறவர் பெயர். மழை மறைவாகக் கொட்டகையில் ஒதுங்கியிருந்த சுமைக்காரர்களிடம் அந்தத் தாளைப் படித்துக் காட்டி, விட்டுப்போனவர்கள் உண்டா என்று கேட்டேன். ஒருவர் தன் மைத்துனரைச் சொன்னார். இன்னொருவர் தெற்குத் தெருவில் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்திருக்கும் நிலத்தைச் சொன்னார்.

மேஸ்திரி கடைசியாகப் பேசினார். "என்னுடையதும் இருக்கிறது சார். ஐந்து மா. குத்தகை."

இரண்டு பருவமாக அவரோடு ஒரே களத்தில் நிற்கிறேன். அவர் முதுகில் ஏறிய ஆயிரக்கணக்கான மூட்டைகளை எண்ணியிருக்கிறேன்.

"போன பிப்ரவரியில்?" என்று கேட்டேன்.

"சாலையோரம் இரண்டாவது அம்பாரம்" என்றார். "அதை விடுங்கள். இந்த முறை தண்ணீர் போதவில்லை, தொண்ணூறு வராது. அறுபது மூட்டை என்று எழுதுங்கள்."

அவர் பெயரை எழுதி, எதிரே அறுபது என்று எழுதினேன்.