ஹம்பி பாத்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க, பாதாமி இருக்கு

கர்நாடகான்னா நம்ம ஆளுங்களுக்கு மைசூர், கூர்க், மிஞ்சிப்போனா ஹம்பி. அதுக்கு வடக்க யாரும் எட்டிப் பாக்குறதே இல்ல. நானும் எங்க அக்காவும் இந்த தடவை பாதாமி, பட்டதக்கல், ஐஹொளே வரைக்கும் போயிட்டு வந்தோம், வந்ததுலேர்ந்து பாக்குறவங்க கிட்ட எல்லாம் அதையேதான் பேசிட்டு இருக்கேன். ரூட், செலவு எல்லாம் எழுத சொல்லி ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

சென்னைலேர்ந்து பெங்களூரு, அங்கேர்ந்து ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் புடிச்சா காலைல ஹொசபேட்டெ, ஹம்பிக்கு அங்கதான் இறங்கணும். டிரெயின்லயே போயிருங்க. டிக்கெட் கிடைக்கலன்னு போன வருஷம் என் ஃப்ரெண்டு ஒருத்தி தனியார் ஸ்லீப்பர் பஸ்ல போயி, ஏசி ஓடாம, ஜன்னலும் திறக்க முடியாம வெந்து போயி இறங்குனா.

ஹம்பி பத்தி எல்லாரும் எழுதியாச்சு. 1336ல ஹரிஹரர், புக்கர் ஆரம்பிச்ச விஜயநகரம், கிருஷ்ணதேவராயர் காலத்துல உச்சத்துக்குப் போயி, 1565 தலைக்கோட்டைப் போருக்கு அப்புறம் சூறையாடப்பட்டு அப்படியே கிடக்குது. விட்டலா கோயில் கல்ரதம் அம்பது ரூபா நோட்டுல இருக்கே, அதேதான். நேர்ல போனா ரதத்துக்கு முன்னாடி நிக்கிற ரெண்டு யானைக்கும் பின்னாடி குனிஞ்சு பாருங்க, குதிரையோட வாலும் பின்னங்காலும் உடைஞ்சு மிச்சம் தெரியும். முதல்ல அங்க குதிரைதான் இருந்திருக்கு, யானைய அப்புறமா கொண்டு வந்து வச்சிருக்காங்க. ரதத்து முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு போற கூட்டத்துல யாருமே அத பாக்கல.

ஆனா ஹம்பி ஆட்டோ விஷயத்துல செம கடுப்பு. எல்லா இடமும் காட்ட 1500 ரூபான்னு பேசித்தான் ஏறுனோம். தாமரை மகால், யானை லாயம் முடிஞ்சதும், விட்டலா கோயில் அந்தப் பக்கம், அதுக்கு தனியா 600 குடுங்கன்னு நடு ரோட்டுல நிறுத்திட்டாரு. எங்க அக்கா விடுவாளா, பேசுனது பேசுனதுதான்னு ஒத்தக்கால்ல நின்னா, கடைசில 200 கூட குடுத்து முடிச்சோம், அதுவும் அநியாயம்தான். இடம் பேர எல்லாம் ஒண்ணொண்ணா சொல்லி, மொத்தம் எவ்வளவுன்னு பேசிட்டு ஏறுங்க. இன்னும் நல்லது, கடைத்தெருவுல சைக்கிள் வாடகைக்கு எடுத்துக்கலாம். விட்டலா கோயிலுக்கு விருபாட்சர் கோயில் பக்கத்துலேர்ந்து ஆத்தங்கரை ஓரமாவே ரெண்டு கிலோமீட்டர் நடந்தா போயிடலாம், துங்கபத்திரையும் பாறைகளுமா அந்த நடையே ஒரு ஸ்பாட் மாதிரிதான். விட்டலா கோயில்ல வாங்குற டிக்கெட்டு அன்னிக்கே தாமரை மகாலுக்கும் செல்லும், தூக்கிப் போட்டுடாதீங்க.

அடுத்து பாதாமி. ஹொசபேட்டெலேர்ந்து கதக் போயி மாறினோம். 2023 ஜூன்லேர்ந்து கர்நாடகா பொண்ணுங்களுக்கு அரசு பஸ்ல இலவசம், அதனால பஸ் பூரா அம்மாக்கள், பூக்கூடை, கொழந்தைங்கன்னு நிக்க இடமில்ல. எங்களுக்கு தமிழ்நாட்டு ஆதார், அதனால காசு குடுத்துத்தான் நின்னோம். ஆனாலும் அவங்க எல்லாம் சந்தைக்கும் கோயிலுக்கும் ஜாலியா கிளம்பிப் போறத பாக்க அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

பாதாமிதான் சாளுக்கியர் தலைநகரம் வாதாபி! நரசிம்மவர்ம பல்லவன் 642ல படையெடுத்துப் புடிச்சானே, தளபதி பரஞ்சோதி பின்னாடி சிறுத்தொண்ட நாயனார் ஆனாரே, அந்த வாதாபி. ஸ்கூல்ல படிச்ச ஊருக்குள்ள பஸ்லேர்ந்து இறங்கி நிக்கிறோம்னு நெனச்சப்ப எனக்கு புல்லரிச்சிடுச்சு. ஹம்பி பாறையெல்லாம் கருங்கல், உருண்டை உருண்டையா கிடக்கும். இங்க அப்படியில்ல, செக்கச்செவேல்னு மணற்கல் மலை செங்குத்தா நிக்குது, நடுவுல அகஸ்திய தீர்த்தம்னு பெரிய ஏரி. அந்த மலையக் குடைஞ்சுதான் நாலு குகை. மூணாவதுதான் பெரிசு, 578ல சாளுக்கிய மங்களேசன் வெட்டுனது, கல்வெட்டுலயே வருஷம் இருக்கு. விஷ்ணு ஆதிசேஷன் மேல படுக்காம நிமிந்து உக்காந்திருக்காரு, நம்ம ஊர்ல பள்ளிகொண்ட பெருமாளையே பாத்துப் பழகின கண்ணுக்கு அது புதுசு. முதல் குகை வாசல்ல வெளிப்பாறையில பதினெட்டு கை நடராஜர், பக்கத்துல குட்டியா ஒரு பிள்ளையார், மேளம் அடிக்கிற ஒருத்தர். எந்தக் கை எந்த முத்திரைன்னு பாத்துட்டே நின்னதுல நேரம் போனதே தெரியல. குரங்குத் தொல்லை ஜாஸ்தி, கையில தின்பண்டக் கவர் வேண்டாம்.

நரசிம்மவர்மன் கல்வெட்டும் அங்க ஒரு பாறையில சிதைஞ்சு போயி இருக்கு. ஜெயிச்ச ஊர்லயே போயி எழுதிட்டு வந்திருக்கான்!

சாப்பாடு சொல்லியே ஆகணும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன கானாவளி, நம்ம மெஸ் மாதிரி. சுடச்சுட ஜோளத ரொட்டி, எண்ணெகாயின்னு வேர்க்கடலை, எள்ளு மசாலா அடைச்ச கத்திரிக்கா, கெட்டித் தயிர், சேங்கா (வேர்க்கடலை) சட்னிப் பொடி, கடிச்சுக்க பச்சை வெங்காயம். உள்ள ஒரு அம்மா சோள மாவ கையாலயே தட்டித் தட்டி தட்டு அகலத்துக்குக் கொண்டு வர்ற சத்தம் வெளிய வரைக்கும் கேக்குது. ஆளுக்கு 100 ரூபா, ரொட்டி கேக்க கேக்க போட்டாங்க. ஹம்பில டூரிஸ்ட் ஓட்டல்ல இதுக்கு ரெண்டு மடங்கு குடுத்து காஞ்ச நூடுல்ஸ் சாப்பிட்டோம்.

பட்டதக்கல் 22 கிலோமீட்டர், மலப்பிரபா ஆத்தங்கரையில. இங்கதான் எங்க அக்கா அப்படியே நின்னுட்டா. சாளுக்கிய ராஜா இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிபுரத்த ஜெயிச்சதுக்காக அவன் ராணி லோகமகாதேவி விருபாட்சர் கோயில் கட்டுனா, அவ தங்கச்சி திரைலோக்கியமகாதேவியும் அதே ராஜாவுக்கு ராணி, அவ பக்கத்துலயே மல்லிகார்ஜுனர் கோயில் கட்டுனா. அக்கா கோயிலும் தங்கச்சி கோயிலும் ஒட்டிக்கிட்டு நிக்குது. காஞ்சி கைலாசநாதர் கோயில் சாயல் அங்க அப்படியே தெரியும். அந்த விக்கிரமாதித்தன் காஞ்சிய புடிச்சப்ப கைலாசநாதர் கோயில் செல்வத்த எடுத்துக்காம சாமிக்கே திருப்பிக் குடுத்துட்டு, அத கன்னடத்துல அங்கயே தூண்ல எழுதி வச்சிருக்கான். காஞ்சிபுரம் போறப்ப பட்டு வாங்குறதோட நிறுத்தாம அந்தத் தூண தேடிப் பாருங்க.

ஐஹொளேக்கு காலைலயே போயிடுங்க, மேகுடி குன்னுல நிழலே கிடையாது. மேல இருக்கிற சமணக் கோயில் சுவர்ல 634ல ரவிகீர்த்தி எழுதுன கல்வெட்டு. சாளுக்கிய ராஜா இரண்டாம் புலிகேசி படை கிளப்புன புழுதியில பல்லவன் காஞ்சி மதிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டான்னு அதுல இருக்கு. எட்டே வருஷத்துல வாதாபி பல்லவன் கைக்கு வந்துடுச்சு. அந்தக் கல்வெட்டுக்கு நேரா நின்னு, புலிகேசிக்கு நல்லா வேணும்னு எங்க அக்கா சத்தமாவே சொன்னா, நானும் ஆமான்னேன்.

பாதாமில ரூம் 900 ரூபாக்கே கிடைச்சுது, ஹம்பி ரேட்டுல பாதி. அதனால ஹம்பில ஒரு ராத்திரிய குறைச்சு பாதாமில கூட்டிக்குங்க. ஏப்ரல், மே மட்டும் வேண்டவே வேண்டாம், அந்தச் செவப்பு மணற்கல் மலை அனலாக் கொதிக்கும்.