தூளி நின்றால் ஏன் விழிக்கிறது?

ஆட்டி ஆட்டித் தோள் கழன்றதுதான் மிச்சம். அடுப்பில் குழம்பு கொதி வருவதற்குள் தூளிக்கு வெளியே ஒரு குட்டிக் கால் நீள்கிறது.

வயிறு நிறையவில்லை, அதான் எழுந்துவிட்டது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 35 முதல் 50 நிமிஷத்துக்குள் விழிப்பு வருகிறதென்றால் அது பசியாக இருக்க வாய்ப்புக் குறைவு. கைக்குழந்தையின் தூக்கத்தில் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். சுற்று முடியும்போது எல்லாருக்கும் லேசாக விழிப்பு தட்டும்; நாம் புரண்டு படுத்துக்கொள்கிறோம். குழந்தைக்கோ, கண் மூடும்போது ஆடிக்கொண்டிருந்த தூளி இப்போது ஆடவில்லை. மறுபடி ஆட்டினால்தான் அடுத்த சுற்றுக்குள் போகத் தெரியும். பால் குடித்தபடியே தூங்கிப் பழகிய குழந்தை ராத்திரி மணிக்கொரு தரம் அம்மாவைத் தேடுவதும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

முதல் மூன்று மாதத்தில் இதை மாற்ற மெனக்கெட வேண்டாம். பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் துண்டு துண்டாகத் தூங்கும். இரவு பகல் என்ற கணக்கு அதன் உடம்பில் பதியவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை செய்ய முடிந்தது ஒன்றுதான்: பகலை இரவாக்கும் பழக்கத்தைத் திருப்புவது. காலையில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள். பகலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுங்கள். ராத்திரிப் பாலுக்கு ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். கொஞ்சல் வேண்டாம், மலம் கழித்திருந்தால் மட்டும் துணி மாற்றினால் போதும்.

நான்காவது மாதத்திலிருந்து கவனிக்க வேண்டியது, எவ்வளவு நேரம் தூங்கியது என்பதைவிட, ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்பது. நான்கு ஐந்து மாதத்தில் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம், ஆறு முதல் எட்டு மாதத்தில் இரண்டிலிருந்து மூன்று, ஒரு வயதை நெருங்கும்போது மூன்றரை, நான்கு. குறைமாதத்தில் பிறந்திருந்தால் டாக்டர் குறித்த பிரசவத் தேதியிலிருந்து வயதை எண்ண வேண்டும். பார்வை எங்கோ நிலைகுத்துவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, புருவம் சிவப்பது எல்லாம் தூக்கம் வருவதன் முதல் அறிகுறிகள். கண்ணைக் கசக்கிச் சிணுங்கும்போது ஏற்கெனவே தாமதம். நேரம் தப்பிவிட்டால் அசதியே விறுவிறுப்பாக மாறிவிடும். பத்து மணிக்குச் சிரித்துக்கொண்டு துள்ளும் குழந்தையைப் பார்த்து ‘இதுக்குத் தூக்கமே வரல’ என்பார்கள். அது தூக்கத்தைத் தாண்டிப் போன குழந்தை.

ஏழு மாதக் குழந்தைக்கு ஒரு நாள் இப்படி ஓடலாம். காலை 6.30க்கு விழிப்பு. 8.45க்கு ஒரு மணி நேரத் தூக்கம். குளியல், சாப்பாடு முடிந்து 12.15க்கு நீளமான தூக்கம், ஒன்றே முக்கால் மணி நேரம். எண்ணெய்க் குளியல் நாளில் அது தானாகவே நீளும். 4.30க்கு அரை மணிக் குட்டித் தூக்கம். இரவு 7.45க்குப் படுக்கை. ஆகமொத்தம் 14 மணி நேரம். நான்கு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 12 முதல் 16 மணி நேரம் என்பது பொதுவான அளவு. விளக்கு வைக்கிற நேரத்தில் தூங்கக் கூடாது என்று பாட்டி சொல்வது இந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது: ஐந்தரைக்கு மேல் தூங்கவிட்டால் ராத்திரி பதினொன்றுதான். அப்பா வேலை முடிந்து வருகிறார் என்று படுக்கையைத் தள்ளிப்போடுவதும் அப்படித்தான். அவருக்குக் காலை 6.30 மணியை ஒதுக்குங்கள்.

இனி தூளி. கழுத்து நிற்காத குழந்தைக்குத் தூளித் துணி வளைந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுப் பாதை மடங்கும். ஆள் பக்கத்தில் இருக்கும் பகல் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை எழுந்து உட்கார முயல ஆரம்பித்தால் கொக்கியிலிருந்து கழற்றிவிட வேண்டியதுதான். விழுவதைவிடத் துணி கழுத்தில் சுற்றிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து.

தூளியிலிருந்து படுக்கைக்கு மாற்றுவதை இரவுத் தூக்கத்தில் தொடங்குங்கள், அப்போதுதான் உடம்பு அசந்திருக்கும். பகல் தூக்கம் இன்னும் சில நாள் தூளியிலேயே இருக்கட்டும். ஆனால் கண் சொருகியதும் ஆட்டத்தை நிறுத்துங்கள், நின்ற தூளியில் தூங்கட்டும். இரவில் பாலை முதலில் முடித்து, உடம்பு துடைத்து, உடுப்பு மாற்றி, விளக்கணைத்து, தாலாட்டு. பாலுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் இருபது நிமிஷம் இருந்தால் நல்லது. கண் பாதி திறந்திருக்கும்போதே படுக்க வையுங்கள்: முதலில் புட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை. தலை முதலில் பட்டால் திடுக்கிட்டுக் கை விரிக்கும். முதல் மூன்று நான்கு நாள் தட்டிக்கொடுங்கள். அடுத்த சில நாள் கையை வயிற்றில் வைத்திருந்தால் போதும், தட்ட வேண்டாம். பிறகு கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். இரவு பழகிய பின் காலைத் தூக்கம், அதன்பின் மதியம். மாலைத் தூக்கம் கடைசி வரை முரண்டு பிடிக்கும், அதை விட்டுப்பிடியுங்கள். மொத்தத்தில் இரண்டு வாரம் ஆகலாம்.

இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தூளியில் நன்றாகத் தூங்கவைத்து, அலுங்காமல் தூக்கிப் பாயில் போடுகிறோம். அடுத்த சுற்றில் விழித்தால் இடமே வேறு. அழாமல் என்ன செய்யும்?

படுக்கை அம்மாவுக்குக் கை எட்டும் தூரத்தில், தனியாக, கெட்டியாக இருக்கட்டும். புது இலவம்பஞ்சு மெத்தை உப்பியிருக்கும், முகம் புதையும். பாயில் ஒரு பருத்தி விரிப்பை இழுத்துச் செருகினால் போதும். மல்லாந்த நிலையில்தான் படுக்க வைக்க வேண்டும். 1994இல் அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. கடுகுத் தலையணை கொடுப்பவர்கள் மனம் நோகக் கூடாதுதான், வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். தலை தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தினமும் தலை மாட்டையும் கால் மாட்டையும் மாற்றிப் படுக்க வையுங்கள். கொசுவுக்கு வலை, சுருள் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் அந்த அறைக்குள் வேண்டாம். வேர்க்கிறதா என்று பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், கை கால் சில்லென்றிருப்பது கணக்கில்லை. தூங்கட்டும் என்று இருமல் மருந்து கொடுப்பது, நாக்கில் தேன் தடவுவது இரண்டும் கூடவே கூடாது. தினமும் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, இடையில் மூச்சு நின்று நின்று வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் வந்தாலும் ஊருக்குப் போய்வந்தாலும் பழக்கம் கலையும். தூளியை மறுபடி மாட்டாமல், வயிற்றில் கை வைக்கும் நிலையிலிருந்து தொடங்குங்கள். அநேகமாக மூன்று நான்கு நாளில் பழையபடி படுத்துக்கொள்ளும்.