கவலைக்குத் தொலைவில்: ஹுவா ஹின் நாட்குறிப்பு

அக்டோபர் 4, 2025

தாய்லாந்து வளைகுடாவின் மேற்குக் கரையில், பாங்காக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஹுவா ஹினுக்கு நேற்று முன்தினம் வந்து சேர்ந்தோம். ஓய்வுக்காலத்தை இங்கே கழிக்கலாமா என்பதை ஏழு வாரங்கள் தங்கிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இவ்வூரில் மழை மிகுந்த மாதங்கள் அக்டோபரும் நவம்பரும்தான் என்று தெரிந்தே வந்திருக்கிறோம். வீட்டை மழையில் பார்க்க வேண்டும் என்பார் என் தந்தை, ஊருக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 7

கடலுக்குப் பத்து நிமிட நடையில் ஒரு படுக்கையறை கொண்ட அடுக்ககம், மாதம் 14,000 பாத் (தாய்லாந்துப் பணம்). இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருக்கிறோம். ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தபோதுதான் மின்சாரத்துக்கு அலகொன்றுக்கு 8 பாத் என்று எழுதியிருப்பது கண்ணில் பட்டது. மின்வாரியத்தின் கட்டணம் அதில் ஏறக்குறைய பாதிதான். குளிர்சாதனம் இல்லாமல் உறங்க முடியாத இந்தப் புழுக்கத்தில், வாடகையில் மிச்சம் பிடித்தது மின்கட்டணத்தில் கரைந்துவிடும்.

வெளிநாட்டவர் இங்கே நிலம் வாங்க முடியாது. அடுக்கக வீட்டை வாங்கலாம், ஆனால் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டவர் கைக்குப் போகக் கூடாது. தோட்டத்தோடு தனி வீடு வேண்டுமென்றால் 30 ஆண்டுக் குத்தகைதான் நேரான வழி. எனக்கு வயது 66. குத்தகை முடியும்போது 96. வாடகை போதும் என்று இருவரும் சிரித்துக்கொண்டே முடிவு செய்தோம்.

அக்டோபர் 12

மூன்று நாளாக விடாத மழை. கடல் மண் நிறத்தில் கிடக்கிறது. கரையில் சொறிமீன்கள் ஒதுங்கியிருந்ததால் யாரும் இறங்கவில்லை.

அக்டோபர் 19

ஓய்வுபெற்றோர் விசா விவரங்களை இன்று முழுமையாகக் குறித்துக்கொண்டேன். 50 வயது நிறைந்தவர் தாய்லாந்து வங்கி ஒன்றில் 8,00,000 பாத் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். அந்த வைப்புத்தொகை விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பும், அனுமதி கிடைத்து மூன்று மாதம் வரையும் குறையாமல் இருக்க வேண்டும். அதன் பிறகும் 4,00,000 பாத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. நம் பணம்தான், ஆனால் நாம் தொட முடியாத பணம். மலிவான ஊர் என்று கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுவது இதைத்தான்.

ஓராண்டு நீட்டிப்புக்குக் கட்டணம் 1,900 பாத் மட்டுமே. அதே சமயம், நாட்டிலேயே தொடர்ந்து இருப்பவர் 90 நாளுக்கொரு முறை முகவரியைத் தெரிவிக்க வேண்டும். மறு நுழைவு அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த நீட்டிப்பே செல்லாமல் போய்விடும். ஆண்டில் 180 நாள் தங்கிவிட்டால் வரி நோக்கில் இந்நாட்டில் வசிப்பவராகிவிடுவோம். 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை இங்கே கொண்டுவந்தால், இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் சொல்வதற்கு உட்பட்டு, அதுவும் கணக்கில் வரும். சம்பளம் வாங்கும் வேலை எதுவும் செய்யக் கூடாது என்பதில் எனக்கு வருத்தமில்லை.

அக்டோபர் 27

ஈரத் தரையில் மனைவி வழுக்கி விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை. தனியார் மருத்துவமனையில் கவனிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் ஊடுகதிர்ப் படத்துக்கு முன்பே பணத்தைப் பற்றிய கேள்வி வந்தது. தாய்லாந்துக் குடிமக்களுக்கான அரசு மருத்துவத் திட்டத்தில் நம்மைப் போன்ற ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்கு இடமில்லை. மாலையில் இரண்டு காப்பீட்டு முகவர்களிடம் பேசினேன். வயது ஏற ஏறத் தவணை ஏறும், ஏற்கெனவே உள்ள என் இரத்த அழுத்தத்துக்கு ஈடு கிடையாது என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். வாடகை இருபது ஆண்டுகளில் எவ்வளவு உயரும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம்; இந்தச் செலவை என்னால் ஊகிக்க முடியவில்லை.

நவம்பர் 5

மழை விட்டது. கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு அரண்மனை வரை நடந்தோம். மன்னர் பிரஜாதிபோக் 1920களில் கட்டிய அதற்கு ‘கிளை காங்வொன்’ என்று பெயர். ‘கவலைக்குத் தொலைவில்’ என்று பொருள். 1932 ஜூன் 24 அன்று பாங்காக்கில் புரட்சி வெடித்து முழு முடியாட்சி முடிவுக்கு வந்தபோது, அவர் இந்தக் கவலையற்ற அரண்மனையில்தான் தங்கியிருந்தார். பெயரைக் கேட்டதும் மனைவி, “கவலை அவருக்கே வந்து சேர்ந்துவிட்டதே” என்றாள்.

நவம்பர் 14

மேல்தளத்தில் தனியாக வசிக்கும் ஐரோப்பிய மூதாட்டியிடம் இன்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். விசா அவருடைய கணவர் பெயரில்; இவர் சார்ந்தவராக உடன் தங்கியிருந்தார். வைப்புத்தொகையும் கணவர் பெயரில் மட்டுமே இருந்தது. அவர் இறந்ததும் வங்கி கணக்கை முடக்கியது; தாய்லாந்தில் உயில் எழுதி வைக்காததால் தாள்களைத் திரட்டி, மொழிபெயர்த்து, நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதே சமயத்தில் தன் பெயரில் தனியாக விசா வாங்க மறுபடியும் பணம் புரட்ட வேண்டியிருந்தது. அவர் குரலில் புலம்பல் இல்லை. பேருந்து நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 20

நாளை புறப்பாடு. காலையில் கணக்கு நோட்டை எடுத்தபோது, என் பெயருக்கு எதிரே எழுதியிருந்த 8,00,000 பாத்துக்குக் கீழே, மனைவி தன் பெயரையும் அதே தொகையையும் எழுதியிருந்தாள். “இரண்டும் சேர்த்து முடியுமென்றால் வரலாம்” என்றாள். முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆண்டுக்கு ஐந்து மாதம், மழை முடிந்த பிறகு, வாடகைக்கு மட்டும் வந்து போனால் எவ்வளவு ஆகும் என்று புதிய பக்கத்தில் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வைப்புத்தொகை வேண்டாத நீண்ட அனுமதி கிடைக்குமா என்பதை ஊர் திரும்பியதும் தூதரகத்தில் கேட்க வேண்டும்.