அம்மாவின் ஏரி வேலை

செய்யாறு பக்கத்தில் எங்கள் ஊரில் நூறு நாள் வேலைக்கு 'ஏரி வேலை' என்றுதான் பெயர். 2006 பிப்ரவரியில் முதல் கட்டமாக 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியபோது திருவண்ணாமலை மாவட்டமும் அதில் இருந்தது. நான் அப்போது பத்தாம் வகுப்பு. அம்மா அன்று தொடங்கி இன்றுவரை போகிறார்.

அதற்கு முன் நடவுக்குப் போனால் அம்மாவுக்கு 35 ரூபாய். வரப்பை வெட்டிச் சீராக்கும் (அண்டை வெட்டும்) அப்பாவுக்கு அதைப்போல இரண்டு பங்கு. ஏரியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, அளந்து கொடுத்த மண்ணை முழுதாக வெட்டினால் 80 ரூபாய். அப்போதெல்லாம் காசு கையில்தான் வரும். முதல் கூலியில் அம்மா தனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினார். அதுவரை அவர் வெறுங்காலோடுதான் வயலுக்குப் போய்வந்தார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறு வருடம் நடவுக்கு ஆள் கூப்பிட ஒருவர் வாசலில் வந்து நின்றார். "ஏரிக்குப் போனா எண்பது தராங்க" என்று மட்டும் சொன்னார் அம்மா. கூலி 60 ஆனது. வெட்டிய மண்ணைவிட இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடிந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்று பேசுபவர்களிடம் எனக்குக் கோபம் வரும். போன கோடையில் விடுப்பில் போயிருந்தபோது நானும் அம்மாவோடு வரத்துக்கால்வாய்க்குப் போனேன். வருகைப் பதிவுக்குக் காலையில் ஒரு போட்டோ, மதியத்துக்கு மேல் ஒரு போட்டோ. சிக்னல் கிடைக்காவிட்டால் போட்டோ ஏறும்வரை கரையிலேயே காத்திருப்பு. இருந்தவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். குனிந்து நாற்று நட இடுப்பு விடாது. கூடை மண் தூக்குவார்கள்.

கூலி 15 நாளுக்குள் வர வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒருமுறை மாதக்கணக்கில் வராமல் அம்மா தோட்டை அடகு வைத்தார். அப்புறம் ஆதாரில் பெயர் 'அம்மா' என்றும் நூறு நாள் வேலை அட்டையில் 'அம்மாள்' என்றும் முடிந்ததால் ஒரு மாத அலைச்சல்.

2025 டிசம்பரில் இந்த நூறு நாள் வேலைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 100 நாள் 125 ஆகிறது. நல்லதுதான். ஆனால் விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இதுவரை கூலி முழுவதையும் மத்திய அரசே கொடுத்தது; இனி 40 சதவீதம் மாநிலம் போட வேண்டும். ஒரு கை கொடுக்கும்போதே தாமதமானது, இரண்டு கை சேர்ந்து கொடுத்தால் என்ன ஆகும்?

இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சித்தப்பா, "களை எடுக்க ஆள் கிடைக்கலப்பா" என்கிறார். அவர் கஷ்டமும் பொய்யில்லை. ஆனால் அறுவடைக்கு அவர் வயலில் இறங்குவது மெஷின். அந்த நாட்களில் அறுபத்திரண்டு வயது அம்மாவை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

நேற்று போனில் அம்மா கேட்டார்: "பழைய அட்டை செல்லுமா, இல்ல புதுசா எழுதிக் குடுக்கணுமா?" விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதுவரை அது ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.