மாடிப்படிக்குக் கீழே ஒரு டிவிஆர்

எங்கள் தெருவில் உள்ள நான்கு கேமராக்களின் ஒயரும் வந்து சேரும் பெட்டி, அதாவது படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர், எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் இருக்கிறது. 2018இல் வைத்தது. அப்போது சென்னை மாநகரக் காவல் ஆணையர் ஏ.கே. விஸ்வநாதன். ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்து, 50 மீட்டருக்கு ஒரு கேமரா வேண்டும் என்று ஏரியா ஏரியாவாகக் கூட்டம் போட்டார்கள். எங்கள் பிள்ளையார் கோயில் வாசலிலும் இன்ஸ்பெக்டர் வந்து பேசினார். 2016இல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் கேமராவே இல்லை, பக்கத்துத் தெருக் கேமராவில்தான் ஓர் ஆள் நடந்துபோவது பதிவாகியிருந்தது என்று அவர் சொன்னதும் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வாரமே வீட்டுக்கு ஆயிரம் ரூபாய் சேர்ந்துவிட்டது.

காசு எங்களுடையது, கரண்டு எங்கள் வீட்டுடையது. அதனால் பழுதானால் பார்க்க வேண்டியவர்களும் நாங்கள்தான். இது எங்களுக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது. கேமரா கெடுவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம், ஒரு சிலந்தி போதும். ராத்திரியில் லென்ஸைச் சுற்றி எரியும் அகச்சிவப்பு விளக்கின் வெளிச்சம் வலையில் பட்டால் திரை முழுக்க வெள்ளை வெள்ளையாக இழை ஆடும். தெரு தெரியாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோடிவீட்டு ஏணியை வாங்கி, பழைய பருத்தித் துணியால் துடைக்கிறோம். வேப்பமரக் கிளையையும் அப்போதே கழித்துவிடுவோம்.

2024 நவம்பரில் எதிர்வீட்டு மாமியின் செயினைப் பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் கயிறு இழுத்த மாதிரி சிவப்புத் தடம். ஒரு மணி நேரத்தில் க்ரைம் டீமிலிருந்து ஏட்டையா ஒருவர் வந்தார். டிவிஆரைத் தொடுவதற்கு முன் தன் போனை எடுத்துத் திரையோரம் பிடித்தார். பெட்டியின் கடிகாரம் 11 நிமிடம் முந்தி ஓடியது. “இதை மாத்தாதீங்கம்மா, அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லி, இரண்டு நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த தெருக் கேமராவில் அந்தப் பைக் எப்போது தெரிகிறது என்று கோர்ப்பதற்கு இந்தக் கணக்குதான் வேண்டுமாம்.

அப்புறம் சான்றிதழ். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு. இந்தப் பதிவு இந்தக் கருவியிலிருந்து எடுத்ததுதான், கருவி ஒழுங்காக வேலை செய்தது என்று உறுதி சொல்லி, பெட்டியை வைத்திருக்கும் நான் கையெழுத்துப் போட வேண்டும். “கோர்ட்டுக்கு அலைய விடுவாங்க” என்று என் தம்பி தடுத்தான். போட்டேன். மாமியின் கழுத்தை நான் பார்த்திருந்தேன்.

எப்போதும் இவ்வளவு சுறுசுறுப்பு இருப்பதில்லை. அதற்கு முந்தைய வருடம் ஒரு சைக்கிள் திருட்டு. புகார் கொடுத்து, அது வந்து சேர்ந்ததற்கு ஸ்டேஷனில் தரும் சிஎஸ்ஆர் ரசீதும் வாங்கியாகிவிட்டது. ஆனால் பதிவை எடுக்க யாரும் வரவில்லை. எங்கள் பெட்டியில் 18 நாள்தான் நிற்கும், பிறகு பழையதன் மேல் புதியது ஏறிவிடும். மூன்று முறை போன் செய்தேன். 19ஆம் நாள் அது அழிந்தே போனது. அன்றிலிருந்து எது நடந்தாலும் அன்றே ஒரு பென் டிரைவில் ஏற்றி வைத்துவிடுகிறேன்.

ஆனால் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது வேறொன்று. ஒரு நாள் சாயங்காலம் தெருவில் ஒரு அப்பா வந்து, காலேஜ் போகும் தன் பெண்ணை முனையில் யார் வண்டியில் இறக்கிவிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். பத்து வருடப் பழக்கம். என் மகன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். முடியாது என்றேன். ஸ்டேஷனிலிருந்து எழுத்தில் கேட்டால் ஒழிய யாருக்கும் போட்டுக் காட்டுவதில்லை என்று அடுத்த கூட்டத்தில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். அவர் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அந்தப் பெண் பயமில்லாமல் நடந்து போகத்தானே கேமரா வைத்தோம்?

காவல் துறைக்கு உதவுகிறோம் என்று சொல்லும்போது எல்லை எங்கே என்பதை யோசிக்கத்தான் வேண்டும். 1993இல் காவல் அதிகாரி பிரதீப் வி. பிலிப் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடு தொடங்கியதுதான், பொதுமக்கள் போலீசுக்கு உதவும் ‘காவலர் நண்பர்கள்’ அமைப்பு. சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் இறந்து, அதில் இந்த அமைப்பினர் மீதும் புகார் எழுந்த பிறகு, 2020 ஜூலையில் தமிழக அரசு அதைத் தடை செய்தது. எங்கள் தெருப் பையன்கள் ராத்திரி ரோந்து போகலாமா என்று கேட்டபோது நான் வேண்டாம் என்றதற்கு அதுவும் ஒரு காரணம். யாரையும் நிறுத்தி விசாரிப்பது நம் வேலை இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகட்டும், ரோந்து வரும் பீட் காவலர், வந்ததற்கு அடையாளமாகத் தெருவில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறாரா என்று நாம் பார்ப்போம். சந்தேகம் என்றால் 100க்கு அடிப்போம்.

மாடியில் புதிதாகக் குடி வந்திருக்கும் இளைஞர், ஹார்ட் டிஸ்க்கை இரண்டு மடங்கு கொள்ளும் 2 டிபியாக மாற்றினால் 18 நாள் 36 நாளாகும் என்கிறார். வீட்டுக்கு 200 ரூபாய். இதுவரை 16 வீடு கொடுத்திருக்கிறது. மீதி வீடுகளுக்கு இந்த ஞாயிறு, ஏணியோடு வருகிறேன்.