மணி அடித்தால் செமினரி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் ஹைஸ்கூல் சேர்க்கையின்போது என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி: பாடத் தேர்வுப் படிவத்தில் ‘ரிலீஸ்டு டைம்’ என்று போட்டிருக்கிறதே, அது என்னக்கா?

பள்ளி நேரத்திலேயே ஒரு பீரியட் வெளியே போய் மதபாடம் படித்துவிட்டு வர அனுமதி. யூட்டாவில் அது பெரும்பாலும் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை நடத்தும் ‘செமினரி’ என்ற மதவகுப்புதான். என் பையன் படிக்கும் பள்ளியின் பார்க்கிங்கைத் தாண்டினால் சபைக்குச் சொந்தமான செங்கல் கட்டடம். மணி அடித்ததும் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு சாரிசாரியாகப் போவார்கள், அடுத்த பீரியடுக்கு வந்துவிடுவார்கள். ஆசிரியர் சம்பளம் சபையுடையது. 1912-ல் கிரானைட் ஹைஸ்கூல் பக்கத்தில் ஆரம்பித்த வழக்கம் இது.

எனக்கு இது அவ்வளவு புதிதில்லை. பாளையங்கோட்டையில் நான் படித்த கான்வென்ட்டில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு எழுந்து போவார்கள், நாங்கள் மாரல் சயின்ஸ் படிப்போம். ஆனால் அது சபை நடத்திய பள்ளி. இங்கே நடப்பது அரசுப் பள்ளியில். அதனால்தான் பார்க்கிங்கைத் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது.

இல்லினாய் மாநிலம் ஷாம்பெய்னில் பள்ளி அறையிலேயே மதவகுப்பு நடந்தது. வகுப்புக்குப் போகாத தன் மகன் ஒதுக்கப்படுகிறான் என்று வாஷ்டி மெக்காலம் என்ற தாய் வழக்குப் போட்டார். 1948-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிக்குள் அது கூடாது என்றது. நாலே வருடத்தில், 1952-ல், நியூயார்க் வழக்கில் வளாகத்துக்கு வெளியே, பெற்றோர் சம்மதத்தோடு, பள்ளிப் பணம் செலவாகாமல் நடந்தால் சரி என்றது. யூட்டாவிலும் செமினரியின் பைபிள் பழைய ஏற்பாட்டுப் பாடத்தைப் பள்ளிப் படிப்புக் கணக்கில் சேர்த்துக் கிரெடிட் கொடுத்தது வழக்காகி, 1981-ல் அது செல்லாது என்றானது.

சட்டப்படி இந்தச் சலுகை எல்லா மதத்துக்கும் உண்டு. சவுத் ஜோர்டனில் பிள்ளையார் கோவில் இருக்கிறது. நம் கோவிலும் கேட்கலாமே என்று ஒரு மாமி கிளப்பிவிட்டார். யோசித்துப் பாருங்கள்: நம் பிள்ளைகள் ஏழெட்டுப் பள்ளிகளில் சிதறிக் கிடக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அத்தனை பள்ளிக்கும் கார் ஓட்டவும் சுலோகம் சொல்லிக்கொடுக்கவும் யார் லீவு போடுவது? ஒவ்வொரு பள்ளியின் பக்கத்திலும் இடம் வாங்கிக் கட்டடம் எழுப்பும் வசதி உள்ளவர்களுக்குத்தான் இந்த உரிமை உண்மையில் உதவுகிறது. பேச்சு அதோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பே போதும் என்று விட்டோம்.

ஒரு விஷயத்தில் யூட்டா பரவாயில்லை. செமினரி ஒரு முழுப் பீரியட் என்பதால், போகாதவன் அந்த நேரத்துக்கு வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாம். என் பையன் மரவேலை படிக்கிறான். ஒஹையோவில் தங்கை மகள் தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே பாதி வகுப்பு மதபாடத்துக்கு பஸ் ஏறிப் போய்விட்டால் டீச்சர் புதுப் பாடம் நடத்துவதில்லை, மிச்சப் பிள்ளைகள் படம் வரைகிறார்கள். போனவர்கள் மிட்டாயோடு வருகிறார்கள். “நானும் போறேம்மா” என்று அவள் அழுததற்கு அந்த மிட்டாய்தான் காரணம். முன்பு பள்ளி வாரியம் விரும்பினால் அனுமதிக்கலாம் என்றிருந்த அந்த மாநிலத்தில், 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டப்படி, அனுமதிக்கும் கொள்கையை வாரியம் வகுத்தே ஆகவேண்டும்.

பெற்றோர் கையெழுத்து இல்லாமல் யாரும் பிள்ளையை அழைத்துப் போக முடியாது. தங்கை போடவில்லை. டீச்சருக்கு மட்டும் ஒரு மெயில் தட்டியிருக்கிறாள்: அந்த நேரத்தில் மகளை லைப்ரரிக்காவது அனுப்புங்கள் என்று.