கழுத்தைத் திருப்பினால் மயக்கம்

எனக்கு மயக்கம் வந்தபோதெல்லாம் பித்தம் என்றார் அம்மா. சுகர், இசிஜி, தலை ஸ்கேன், வலிப்புக்கான இஇஜி எல்லாமே நார்மல். சட்டையின் மேல் பட்டனைப் போடும்போதும், வண்டியை எடுக்கப் பின்னால் திரும்பிப் பார்க்கும்போதும்தான் கண் இருட்டுகிறது என்று சொன்ன பிறகுதான் ஒரு டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தாடைக்குக் கீழே வலியில்லாத ஓர் உருண்டை. இடம் வலமாக நகர்ந்தது, மேலும் கீழும் அசையவில்லை.

மூளைக்குப் போகும் கரோட்டிட் ரத்தக்குழாய் இரண்டாகப் பிரிவது அங்கேதானாம். ரத்த அழுத்தத்தைக் கவனிக்கும் நரம்பு முனைகளும் அங்கேயே இருக்கின்றன. அவை அழுத்தப்பட்டால், பிரஷர் ஏறிவிட்டது என்று மூளை ஏமாந்து இதயத்துடிப்பைக் குறைத்துவிடும். 'கரோட்டிட் பாடி ட்யூமர்' என்கிற இந்தக் கட்டி இருக்கிற பலருக்கு மயக்கமே வராது, எனக்கு வந்தது. இதயத்துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்ய உடம்பில் மாட்டிவிடும் ஹோல்டர் கருவியின் பதிவில், நான் கழுத்தைத் திருப்பிய நேரத்தில் இதயம் சில விநாடி நின்றிருந்தது.

அதற்கு முன்பே வேறோர் ஆஸ்பத்திரியில் கட்டியை ஊசி குத்திச் சோதிக்கச் சொல்லியிருந்தார்கள். கழுத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். ரத்தம் நிறைந்த கட்டி, முதலில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் டாப்ளர் ஸ்கேனும் சிடி ஆஞ்சியோவும்தான். படத்தில் இரண்டு கிளைகளையும் விலக்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தது கட்டி.

அப்புறம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்க்கும் படலம். இந்த வகைக் கட்டிகளில் சில அட்ரினலின் போன்றவற்றைச் சுரக்கும், அது சிறுநீரில் தெரியும். அது தெரியாமல் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தால் பிரஷர் எகிறும். குளியலறையில் வைத்த கேனில் மனைவி மார்க்கரால் 'தொடாதே' என்று எழுதி ஒட்டினாள். தொடுவதற்கு யார் ஆசைப்படப் போகிறார்கள்!

ஆபரேஷனுக்கு முந்தின நாள், தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டிக்கு ரத்தம் தரும் கிளைகளை அடைத்தார்கள். நாக்கு நரம்பு, குரல் நரம்பு, பக்கவாத அபாயம் என எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார் சர்ஜன். அது எனக்குப் பிடித்திருந்தது.

மயக்கம் நின்றது. குரல் கொஞ்ச காலம் கரகரத்தது. யாரும் எதிர்பார்க்காதது சாப்பாட்டில் வந்தது: ஒவ்வொரு வேளையும் முதல் வாய்க்கு மட்டும் தாடையோரம் சுரீர் என்று வலி, அடுத்த வாயிலிருந்து குறைந்துவிடும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வருவதுதானாம். இப்போது முதல் வாய் மட்டும் ரசம் சாதம்.

சில குடும்பங்களில் இது மரபணு வழியாக வருவதால் தம்பிக்கும் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு ரத்தம் எடுத்தாயிற்று. ரிப்போர்ட் வந்ததும் அவன் முறை.